கிரெடிட் கார்டு கட்டணத்தையும் வட்டியையும் பேசிக் குறைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் இந்திய வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் கிரெடிட் கார்டுகளுக்கானவை. வெளிநாட்டு யூடியூப் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அங்கே செல்லுபடியாகும் உத்தியை இங்கே முயன்று ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். இங்கே வழி வேறு.

பேசினால் உண்மையிலேயே குறைப்பார்களா?

எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆண்டுக் கட்டணம், தவறிப்போய் விழுந்த லேட் ஃபீ, இஎம்ஐ ஆக மாற்றும்போது போடும் பிராசஸிங் கட்டணம் ஆகியவற்றைக் கேட்டால் பெரும்பாலும் முழுதாகவோ பாதியாகவோ விட்டுக்கொடுப்பார்கள். மாத வட்டி விகிதத்தை மட்டும் கஸ்டமர் கேரில் யாரும் குறைக்கமாட்டார்கள். ஃபோன் எடுப்பவருக்கு அந்த அதிகாரமே இல்லை. வட்டியைக் குறைக்க வேண்டுமானால் கடனைக் கார்டிலிருந்து வேறு இடத்துக்கு நகர்த்த வேண்டும். கட்டணம் கேட்டால் குறையும், வட்டி நகர்த்தினால் குறையும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வெறுங்கையோடு ஃபோனை வைக்கிறார்கள்.

ஆண்டுக் கட்டணத்தை எப்போது கேட்பது?

கார்டு வாங்கிய மாதம் ஒவ்வோர் ஆண்டும் திரும்பி வரும்போது கட்டணம் பில்லில் ஏறும். ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பு முதல் முயற்சி செய்யலாம். ஆனால் பல வங்கிகளில் கட்டணம் பில்லில் ஏறிய பிறகுதான் தள்ளுபடி வாய்ப்பு அவர்கள் திரையில் தெரியும். 'இன்னும் சார்ஜ் ஆகவில்லையே, ஆன பிறகு கூப்பிடுங்கள்' என்று சொன்னால் அது தட்டிக்கழிப்பு அல்ல. ஸ்டேட்மென்ட் வந்த மூன்று நான்கு நாட்களுக்குள் மறுபடி அழையுங்கள்.

அழைப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, கார்டின் நிபந்தனைகளிலேயே 'ஆண்டுக்கு இவ்வளவு செலவு செய்தால் கட்டணம் இல்லை' என்று இருக்கிறதா என்பது. இருந்து, அந்தத் தொகையைத் தாண்டியும் விட்டீர்கள் என்றால் நீங்கள் சலுகை கேட்கவில்லை, உரிமையைக் கேட்கிறீர்கள். பேச்சின் தொனியே மாறும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது, இஎம்ஐ தவணை ஆகியவற்றைப் பல கார்டுகள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'இரண்டு லட்சம் செலவு செய்தேனே' என்று நீங்கள் சொல்ல, 'எங்கள் கணக்கில் ஒன்றரைதான் வருகிறது' என்று அவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம். இரண்டாவது, கடந்த 12 மாதங்களில் கார்டை எவ்வளவு பயன்படுத்தினீர்கள், எல்லா பில்லையும் நாள் தவறாமல் கட்டினீர்களா என்பது. உங்கள் பேரத்துக்குப் பலம் தருவது இந்த இரண்டும்தான்.

ஃபோனில் என்ன சொல்வது?

கார்டின் பின்பக்கம் அச்சிட்ட எண்ணை மட்டுமே அழையுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்களில் மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். தமிழில் பேச வசதி தரும் வங்கிகள் நிறைய இருக்கின்றன. மொழித் தெரிவில் அதை அமுக்குங்கள்.

சண்டை வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். இப்படிப் பேசிப் பாருங்கள்:

'மேடம், இந்த மாசப் பில்லில் ஆண்டுக் கட்டணம் போட்டிருக்கீங்க. நாலு வருஷமா ஒரு பில்கூட லேட் ஆகாம கட்டறேன். இந்தக் கட்டணம் கொடுத்து இதை வச்சிருக்கறது எனக்குக் கட்டுப்படி ஆகல. கட்டணத்தை ரத்து பண்ண முடியுமான்னு பாருங்க. முடியாதுன்னா கார்டை மூடுறதுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க.'

கடைசி வாக்கியம்தான் வேலை செய்யும். கார்டை மூடும் பேச்சு வந்தால், வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் தனிப் பிரிவுக்கு அழைப்பை மாற்றுவார்கள். முதலில் எடுத்தவருக்கு இல்லாத அதிகாரம் அங்கே இருக்கும். அவர்கள் வழக்கமாக எடுத்து நீட்டுவது: முழுத் தள்ளுபடி, பாதித் தள்ளுபடி, கட்டணத்துக்கு ஈடான ரிவார்டு பாயின்ட், அல்லது 'அடுத்த 60 அல்லது 90 நாளில் இவ்வளவு செலவு செய்யுங்கள், கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம்'. முதலில் சொல்வதை உடனே ஏற்காமல், 'முழுசா எடுக்க முடியாதா?' என்று ஒருமுறை கேளுங்கள். ஆண்டுக் கட்டணமே இல்லாத கார்டாக மாற்றித் தர முடியுமா என்றும் கேட்கலாம். அதே வங்கியில் அப்படி ஒரு கார்டு இருந்தால் சில சமயம் நடக்கும்.

செலவு இலக்கு வைத்த சலுகை என்றால், வீட்டில் எப்படியும் ஆகப்போகும் செலவுக்குள் அது அடங்குகிறதா என்று பாருங்கள். 500 ரூபாய் கட்டணத்தை மிச்சப்படுத்த 30,000 ரூபாய்க்குத் தேவையில்லாத பொருள் வாங்குவது நஷ்டம்.

முடிக்கும் முன் மூன்று கேள்விகள். கட்டணத்தோடு 18% ஜிஎஸ்டியும் திரும்புமா? எத்தனை வேலை நாளில் கணக்கில் வரும்? சர்வீஸ் ரிக்வெஸ்ட் எண் என்ன? அந்த எண் இல்லாத வாக்குறுதியை மறுமுறை கூப்பிடும்போது நிரூபிக்க முடியாது.

தள்ளுபடி உறுதியாகிவிட்டது. அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு பில் கட்டலாமா?

கூடாது. பேரம் வெற்றி பெற்ற பிறகும் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். தள்ளுபடி வரவு அடுத்த பில்லில்தான் தெரியும். நடப்பு பில்லில் 590 ரூபாய் (500 கட்டணம், 90 ஜிஎஸ்டி) குறைத்துக் கட்டினால், முழுத் தொகை கட்டவில்லை என்று கணினி எடுத்துக்கொண்டு வட்டி போட ஆரம்பித்துவிடும். முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். வரவு வந்தால் அடுத்த பில்லில் தானாகக் கழியும்.

மூடுவேன் என்றேன், சரி என்று சொல்லிவிட்டார்களே?

அதற்கும் தயாராக இருந்தால்தான் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். மூடுவதற்கு முன் ரிவார்டு பாயின்ட்டைப் பயன்படுத்திவிடுங்கள், மூடினால் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் இஎம்ஐ இருந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் கட்ட வேண்டிவரும். மின் கட்டணம், ஓடிடி சந்தா போன்ற ஆட்டோ டெபிட்டுகளை வேறு கார்டுக்கு மாற்றுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே பழைய கார்டு, அதிக லிமிட் உள்ள கார்டு என்றால் யோசியுங்கள். மூடியதும் மொத்த லிமிட் சுருங்கி, அதே செலவு அதிக விகிதமாகத் தெரிந்து கிரெடிட் ஸ்கோர் கொஞ்சம் இறங்கலாம்.

மூடுவதென்று முடிவெடுத்தால் சட்டம் உங்கள் பக்கம். ரிசர்வ் வங்கியின் கிரெடிட் கார்டு விதிகளின்படி, பாக்கி எதுவும் இல்லாத கார்டை மூடக் கேட்டால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் வங்கி உங்களுக்கு அபராதம் தர வேண்டும். 'கிளைக்கு நேரில் வாருங்கள், தபாலில் கடிதம் அனுப்புங்கள்' என்று இழுத்தடிப்பவர்களிடம் இந்த விதியை நிதானமாகச் சொல்லுங்கள், வேலை நடக்கும்.

வங்கி திடீரென்று கட்டணத்தை உயர்த்திவிட்டது. என்ன செய்வது?

குறைந்தது ஒரு மாதம் முன்னதாக அறிவித்த பிறகே உயர்த்தலாம். பின்தேதியிட்டு உயர்த்த முடியாது. பிடிக்கவில்லை என்றால் அதற்காகத் தனிக் கட்டணம் எதுவும் இல்லாமல் கார்டைத் திருப்பிக் கொடுக்கலாம். உயர்வு அறிவிப்பு வரும் அந்த மாதம், பேரம் பேச நல்ல நேரம்.

ஒருமுறை மறந்துபோய் லேட் ஃபீ விழுந்துவிட்டது. எடுத்துவிடுவார்களா?

வழக்கமாக ஒழுங்காகக் கட்டுபவராக இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்துவிடுவார்கள். முதலில் பாக்கியைக் கட்டுங்கள், பிறகு அழையுங்கள். பாக்கியை வைத்துக்கொண்டு தள்ளுபடி கேட்டால் எடுபடாது. பாக்கி 50,000 ரூபாயைத் தாண்டியிருந்தால் பல வங்கிகளில் லேட் ஃபீ 1,300 ரூபாய், மேலே ஜிஎஸ்டி. ஆக ஐந்து நிமிட அழைப்புக்கு நல்ல பலன்.

இதில் சலுகை கேட்கவே தேவையில்லாத இரண்டு நிலைகள் உண்டு. டியூ டேட், அதாவது பில் கட்டக் கடைசி நாள், தாண்டி மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால் மட்டுமே லேட் ஃபீ போடலாம், கடன் வரலாற்றைப் பதியும் கிரெடிட் நிறுவனங்களுக்குத் தாமதம் என்று தெரிவிக்கலாம். இரண்டாம் நாளே கட்டியும் லேட் ஃபீ வந்திருந்தால் அது தவறான கட்டணம். அதேபோல, தேதிக்குள் அனுப்பிய பணம் வங்கி வழியில் தங்கித் தாமதமாக வரவானால், அந்தப் பரிமாற்றத்தை அடையாளம் காட்டும் யுடிஆர் எண்ணைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். 'தயவுசெய்து' என்பதற்குப் பதில் 'திருத்துங்கள்' என்பதே சரியான சொல்.

மூன்று நாள் இருக்கிறதே என்று தள்ளிப்போடவும் வேண்டாம். அது லேட் ஃபீக்கான அவகாசம். வட்டியில்லாக் காலம் டியூ டேட்டோடு முடிந்துவிடும்.

வட்டி விகிதத்தைக் குறைக்க வழியே இல்லையா?

முதலில் அந்த வட்டியின் உண்மை அளவைப் பார்ப்போம். பல கார்டுகளில் மாதம் 3.75%, அதாவது ஆண்டுக்கு 45%. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி வேறு. சேர்த்தால் ஆண்டுக்கு 53.1%. 30 சதவீதத்துக்கு மேல் வசூலிப்பது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆக, சட்டப்படி உச்சவரம்பு என்று காட்டிப் பேரம் பேச இன்று எதுவும் கையில் இல்லை.

60,000 ரூபாய் பாக்கி என்று வையுங்கள். ஒரு மாத வட்டி 2,250, ஜிஎஸ்டி 405, மொத்தம் 2,655 ரூபாய். மினிமம் டியூ, அதாவது கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, 5% என்று 3,000 கட்டினால் அசலில் குறைவது வெறும் 345 ரூபாய். அதோடு, பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மினிமம் டியூ கட்டினால் லேட் ஃபீ வராது, ஸ்கோர் உடனே அடிபடாது. அதற்குமேல் அதில் நன்மை இல்லை. தயவுசெய்து அதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

குறைக்கும் வழிகள் மூன்று: பாக்கியை இஎம்ஐ ஆக மாற்றுவது, குறைந்த வட்டி தரும் வேறு கார்டுக்குப் பாக்கியை மாற்றுவது, வெளியில் மலிவான கடன் வாங்கி இதை அடைப்பது.

இஎம்ஐ ஆக மாற்றும்போது எதைப் பேரம் பேசலாம்?

வட்டி, பிராசஸிங் கட்டணம் இரண்டையும். ஆப்பில் காட்டும் விகிதமே கடைசி என்று நினைக்க வேண்டாம். அழைத்துக் கேட்டால் குறைவான விகிதம் கிடைப்பதுண்டு. ஸ்டேட்மென்ட் வந்த பிறகு, டியூ டேட்டுக்குச் சில நாட்கள் முன்பே கேளுங்கள். கடைசி நாளில் கேட்டால் மாற்றம் பதிவாவதற்குள் தேதி தாண்டிவிடும்.

அதே 60,000 ரூபாயை 16% வட்டியில் 12 மாத இஎம்ஐ ஆக்கினால் மாதத் தவணை சுமார் 5,444. மொத்த வட்டி ஏறக்குறைய 5,330, அதற்கு ஜிஎஸ்டி 960, பிராசஸிங் 1% என்றால் ஜிஎஸ்டியோடு 708. எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ரூபாய். அசல் குறையாமல் வட்டி மட்டும் கட்டிக்கொண்டே ஓர் ஆண்டை ஓட்டினால் போவது 31,860 ரூபாய்.

கவனிக்க வேண்டியது 'ஃப்ளாட் ரேட்'. 'மாசம் ஒரு பர்சென்ட்தான் சார்' என்பார்கள். கடைசி மாதம்வரை முழு 60,000 ரூபாய்க்கும் வட்டி போடும் ஃப்ளாட் 12%, குறையும் அசலுக்கு வட்டி போடும் கணக்கில் 21 சதவீதத்தைத் தாண்டும். 'ரெடியூசிங் ரேட்டில் எவ்வளவு? மொத்தமா நான் கட்டப்போவது எவ்வளவு?' என்று கேட்டு, ரூபாயில் பதில் வாங்குங்கள். முன்கூட்டியே முடித்தால் என்ன கட்டணம் என்பதையும் கேளுங்கள். மீதி அசலில் 3% என்பது பரவலாக இருக்கிறது. பெட்ரோல், நகைக்கடைச் செலவுகளைப் பொதுவாக இஎம்ஐ ஆக்க முடியாது.

நகையை வைத்துக் கார்டை அடைப்பது சரியா?

கணக்குப்படி சரி. வங்கி நகைக்கடன் ஆண்டுக்கு 10% என்று வைத்துக்கொண்டால், 60,000 ரூபாய்க்கு ஓராண்டு வட்டி 6,000. கூடுதலாக ஒரு லாபம்: சாதாரணக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது, கிரெடிட் கார்டு வட்டிக்கு மட்டுமே உண்டு. மதிப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நகையை வைத்து அடைத்துவிட்டு, காலியான கார்டில் மறுபடி செலவு செய்வதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. அப்போது கடன் இரண்டாகிவிடும், நகையும் ஏலத்துக்குப் போகலாம். அடைத்த அன்றே ஆப்பில் கார்டு லிமிட்டைக் குறைத்து வையுங்கள்.

வெளிநாட்டுச் செலவுக்கான கட்டணத்தைப் பேசிக் குறைக்கலாமா?

முடியாது. பல கார்டுகளில் 3.5% மார்க்அப், அதாவது நாணய மாற்றுக்கு மேல் போடும் கூடுதல் கட்டணம், உண்டு. அடிக்கடி வெளிநாட்டுச் செலவு இருந்தால் மார்க்அப் குறைந்த கார்டுக்கு மாறுங்கள். கடையில் 'ரூபாயில் கட்டுகிறீர்களா?' என்று மெஷின் கேட்டால் அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் போடும் மாற்று விகிதம் பாதகமாக இருக்கும்.

வேலை போய்விட்டது, மினிமம் டியூகூடக் கட்ட முடியவில்லை. யாரிடம் பேசுவது?

ஃபோனை எடுக்காமல் இருப்பதுதான் எல்லோரும் செய்வது, அதுவே கெடுதலும். மினிமம் டியூ 90 நாட்களுக்குக் கட்டப்படாமல் போனால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன்பே வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: என்ன நடந்தது, மாதம் எவ்வளவு கட்ட முடியும், எந்தத் தேதியிலிருந்து. 'மொத்த பாக்கியையும் 24 அல்லது 36 மாதத் தவணையாக மாற்றி, லேட் ஃபீயை நிறுத்துங்கள்' என்று குறிப்பாகக் கேளுங்கள். வேலை நீக்கக் கடிதமோ மருத்துவமனை பில்லோ இருந்தால் இணையுங்கள். கட்ட முடியாத தொகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். புதிய ஏற்பாட்டிலும் தவறினால் அடுத்த பேரத்தில் உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்காது.

வசூல் ஏஜென்டுகள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ கூப்பிடக்கூடாது. மிரட்டுவது, உறவினரிடமும் அலுவலகத்திலும் சொல்லி அவமானப்படுத்துவது தடைசெய்யப்பட்டவை. அழைப்பைப் பதிவு செய்யுங்கள், எண்ணையும் நேரத்தையும் குறித்து வங்கிக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

'பாதி கட்டினால் போதும், செட்டில் செய்கிறோம்' என்கிறார்களே?

கடைசி வழியாக மட்டும் வையுங்கள். வங்கி ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து முடித்தால், கிரெடிட் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். வீட்டுக் கடன் கேட்டுப் போகும் நாளில், பல ஆண்டுகள் கழித்தும், அந்த ஒரு சொல் வழியை மறிக்கும். அதனால் முதலில் 'வட்டியையும் அபராதத்தையும் எடுத்துவிடுங்கள், அசலைத் தவணையில் முழுதும் கட்டுகிறேன், குளோஸ்டு என்று பதியுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு ஒத்துக்கொண்டால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

செட்டில்மென்ட்தான் என்றால், கடிதம் வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கடிதம் வங்கியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலிலிருந்து வர வேண்டும். அதில் கார்டின் கடைசி நான்கு இலக்கம், கட்ட வேண்டிய தொகை, தேதி, 'இதற்குப்பின் பாக்கி இல்லை' என்ற வாசகம் இருக்க வேண்டும். பணம் நேராகக் கார்டு கணக்குக்கே போக வேண்டும். ஏஜென்டின் ஜிபே எண்ணுக்குப் போட்டால் அது கடனில் சேராமலே போகலாம். முடிந்ததும் பாக்கி இல்லை என்று காட்டும் நோ டியூ சான்றிதழ் வாங்குங்கள். ஓரிரு மாதம் கழித்து, ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கிரெடிட் அறிக்கையை எடுத்துச் சரிபாருங்கள். தவறாகப் பதிவாகி, புகார் கொடுத்து 30 நாட்களில் திருத்தாவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நான் கேட்காமலே கார்டு அனுப்பிக் கட்டணமும் போட்டுவிட்டார்கள்?

இதில் பேரம் எதற்கு? சம்மதம் இல்லாமல் கார்டு தந்தாலோ, இருக்கும் கார்டை உயர்த்தினாலோ, போட்ட கட்டணத்தைத் திருப்புவதோடு அதைப்போல் இரு மடங்கு அபராதமும் வங்கி தர வேண்டும். அந்தக் கார்டுக்காக வரும் ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்னால் சம்மதம் கொடுத்ததாகிவிடும்.

வங்கி கேட்கவே மாட்டேன் என்கிறது. எங்கே போவது?

கஸ்டமர் கேர், பிறகு வங்கி இணையதளத்தில் பெயரிட்டிருக்கும், புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரி என்று எழுத்தில் மேலே போங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனிடம் தாமதிக்காமல் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற இணையப் புகார் தளத்தில் பதியலாம், விவரத்துக்கு 14448 எண்ணை அழைக்கலாம். சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கிப் புகார் மையத்துக்குத் தமிழிலேயே கடிதம் எழுதியும் அனுப்பலாம்.

ஆனால் ஓம்புட்ஸ்மன் எதை விசாரிப்பார் என்பது முக்கியம். 'ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய மறுத்தார்கள்' என்ற புகார் நிற்காது. அது வங்கியின் வணிக முடிவு. 'தள்ளுபடி என்று இந்த சர்வீஸ் ரிக்வெஸ்ட் எண்ணில் சொல்லிவிட்டுத் தரவில்லை', 'இரண்டாம் நாள் கட்டியும் லேட் ஃபீ போட்டார்கள்', 'மூடக் கேட்டு இருபது நாள் ஆகிறது' போன்றவை நிற்கும். தேதி, தொகை, ஸ்டேட்மென்ட் பக்கம், வங்கிக்கு எழுதிய மின்னஞ்சல் ஆகியவற்றை வரிசையாக இணைத்து, என்ன வேண்டும் என்பதை ரூபாயில் ஒரே வரியில் எழுதி அனுப்புங்கள்.